கடைக்கு உரிமம், கைக்குத் தேர்வு

(செங்கல்பட்டில் அழகுக்கலைத் தொழில் செய்யும் பெண்களும் சலூன் நடத்துவோரும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் ஊரில் ஆட்டோ ஓட்ட உரிமம் வேண்டும். மருந்துக் கடை வைக்க மருந்தாளுநர் வேண்டும். ஆனால், ஒருவர் கண்ணுக்கு மேலே நூலை வைத்து இழுக்கவும், கழுத்தில் சவரக்கத்தி வைக்கவும், தலையில் ரசாயனம் பூசவும் எந்தத் தகுதியும் தேவையில்லை. கடை திறக்கப் போனால் உள்ளாட்சி அலுவலகத்தில் வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள், வரி ரசீது கேட்பார்கள். உள்ளே வேலை செய்யப் போகிற கைக்குத் தொழில் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

அரசு இப்படிக் கேட்கத்தான் வேண்டுமா? கேட்டால் எப்படிக் கேட்க வேண்டும்? இன்றைக்கு என் பேச்சு இந்த இரண்டு கேள்விகளைப் பற்றியதுதான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால், எங்கே படித்தாய், எத்தனை வருடம் படித்தாய் என்று கேட்கக் கூடாது. உன்னிடம் வருகிறவரைக் காயமில்லாமல், நோயில்லாமல் திருப்பி அனுப்பத் தெரியுமா என்று மட்டும் தேர்வு வைத்துக் கேட்க வேண்டும்.

முதலில், இன்று என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஐ.டி.ஐ.களில் அழகுக்கலை ஓராண்டுப் படிப்பாக இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 2022-இல் திருத்தப்பட்ட பாடத்திட்டப்படி மொத்தம் 1200 மணி நேரம். அதில் 840 மணி நேரம் செய்முறை, 240 மணி நேரம் பாடம், 120 மணி நேரம் வேலைவாய்ப்புத் திறன். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாயும் இந்தப் படிப்புக்குக் கிடைக்கும். வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் ஏறக்குறைய ஒரு மாத அழகு நிலையப் பயிற்சி உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான அரசு நிறுவனமான தாட்கோவும் அழகுக்கலைப் பயிற்சி அளிக்கிறது. ஏற்கெனவே வேலை செய்பவரின் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு, 2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இருக்கிறது.

ஆகப் பாடத்திட்டம் உண்டு, பயிற்சி உண்டு, சான்றிதழும் உண்டு. எதுவும் கட்டாயமில்லை என்பதுதான் குறை. அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும். நியூயார்க்கில் அதற்கு 1000 மணி நேரப் படிப்பு. நம் ஐ.டி.ஐ. படிப்பு அதைவிடக் கூடுதல். மணிக்கணக்கில் நாம் யாருக்கும் பின்தங்கிவிடவில்லை. 1200 மணி நேரம் படித்துவிட்டு வந்த பெண்ணும், யூடியூபில் நான்கு காணொளி பார்த்துவிட்டுப் பலகை மாட்டியவரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். படித்தவளுக்கு அதைவிடப் பெரிய அநீதி என்ன இருக்க முடியும்?

இந்தக் கேள்வி நம் மாவட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். 2021–22-இல் இந்தியத் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில், கட்டணம் செலுத்தி வந்த வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் பார்த்த இடம் தாஜ்மஹால் அல்ல, நம் மாமல்லபுரம். 2022 ஜூனில் நயன்தாரா–விக்னேஷ் சிவன் திருமணம் நடந்ததும் இங்கேதான். அடுத்த மாதமே செஸ் ஒலிம்பியாட் வந்தது. கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகக் கல்யாண மண்டபங்களும் விடுதிகளும் இருக்கின்றன. ஒத்தவாடைத் தெருவில் நடந்து பாருங்கள்; மசாஜ், மெஹந்தி, ஹேர் கட் என்று பலகைகள் கூப்பிடும். உள்ளூர்ப் பெண்ணுக்கு உள்ளூரிலேயே கிடைக்கிற வேலை இது. இந்த வேலை நிலைக்க வேண்டுமானால் நம்பிக்கை நிலைக்க வேண்டும்.

இனி இந்தத் தொழிலைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். த்ரெட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பார்லர்களில் அது எப்படி நடக்கிறது? நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை இரண்டு கை விரல்களிலும் முறுக்கி இழுக்கிறோம். வாயில் நனைந்த நூல், முடி பிடுங்கியதும் திறந்துகொண்ட மயிர்க்கால்களின் மேல் ஓடுகிறது. புருவ ஓரத்தில் இப்படி மருக்கள் பரவியதை நம் நாட்டுத் தோல் மருத்துவ இதழ்களே பதிவு செய்திருக்கின்றன. நூலைக் கடிக்காமல் கழுத்தில் மாட்டிக்கொண்டும் இதே வேலையைச் செய்யலாம். கை பழகச் சில நாள் ஆகும், அவ்வளவுதான். இதைச் சொல்லித்தர ஒரு பிற்பகல் போதும். சொல்லித்தர ஆள் இல்லாததால் வருடக்கணக்கில் பல்லில் கடித்துக்கொண்டிருக்கிறோம்.

சவரக்கத்தி விஷயம் இதைவிடக் கடுமையானது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். பார்த்தால் ரத்தக் கறை தெரியாது. பிளேடை மாற்றினால் போதும் என்று நினைக்கிறோம். பிளேடைப் பிடித்திருக்கும் கைப்பிடியை யார் துடைப்பது? நீல விளக்கு எரிகிற பெட்டிக்குள் கத்தரியையும் சீப்பையும் வைத்தால் கிருமி செத்துவிடும் என்பது பலரின் நம்பிக்கை. அந்தப் பெட்டி, சுத்தம் செய்த கருவியைச் சுத்தமாக வைத்திருக்க உதவும். அழுக்குக் கருவியை அது சுத்தமாக்காது. முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும், பிறகு கிருமிநாசினியில் ஊற வைக்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

அடுத்தது ஹேர் டை. கறுப்புச் சாயங்களில் பெரும்பாலும் இருப்பது பாராபினைலின் டையமின் என்ற ரசாயனம். ஒவ்வாமை உள்ளவருக்கு முகம் வீங்கும், கண் மூடிக்கொள்ளும், சிலருக்கு மூச்சே திணறும். அதனால்தான் சாயப் பொட்டலத்தில் எச்சரிக்கை வேண்டும், முன்சோதனைக்கான குறிப்பு ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் வேண்டும் என்று நம் சட்டமே சொல்கிறது. காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவி இரண்டு நாள் பார்க்க வேண்டும். ஆனால், நாளைக்குக் கல்யாணம் என்று இன்று மாலை வந்து நிற்பவரிடம், “முடியாதும்மா, இரண்டு நாள் முன்னாடியே வந்திருக்கணும்” என்று சொல்கிற துணிவு எத்தனை பேருக்கு இருக்கிறது? அந்தத் துணிவையும் பயிற்சிதான் தரும். மெஹந்திக்கும் இதே எச்சரிக்கைதான். உண்மையான மருதாணி செம்பழுப்பாகத்தான் பிடிக்கும். போட்ட சிறிது நேரத்தில் கன்னங்கரேலென்று பிடித்தால், அதிலும் இந்தச் சாயம் கலந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

பெடிக்யூர் செய்யக் கால் நீட்டுகிறவரிடம் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எது? “உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?” 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. அவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். தண்ணீர் கொதிக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது. நாம்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆணிக்காலைப் பிளேடால் சீவினால் அந்தச் சின்னப் புண் விரலையே எடுக்கும் அளவுக்குப் போகலாம்.

கடற்கரைப் பக்கம் கடை வைத்திருக்கும் தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. வெயிலில் நாள் முழுக்கக் கிடந்து தோல் சிவந்து வருகிற பயணிக்கு, அன்றைக்கே வேக்ஸிங்கோ பிளீச்சோ செய்தால் தோல் உரிந்துவிடும். தலை கழுவும்போது கழுத்தைப் பேசினின் விளிம்பில் நெடுநேரம் பின்னால் மடித்து வைத்திருப்பதும் ஆபத்து. மைக்கேல் வெய்ன்ட்ராப் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 1993-இல், இப்படித் தலை கழுவிய பிறகு பக்கவாத அறிகுறி கண்ட ஐந்து பெண்களைப் பற்றி எழுதினார். கழுத்துக்கு அடியில் மடித்த துண்டு வைக்க ஒரு ரூபாய் செலவில்லை.

எது நம் வேலை இல்லை என்று தெரிந்துகொள்வதும் பயிற்சியின் பாதி. 2016-இல் சென்னையில் முடி மாற்று அறுவை செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவர் இறந்துபோனார். அந்த நிலையத்துக்கு இருந்தது சலூன் உரிமம்தான் என்று அதிகாரிகள் அப்போது சொன்னார்கள். அதன் பிறகு 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், இத்தகைய சிகிச்சைகளை முறையான பயிற்சி பெற்ற மருத்துவர்தான் செய்யலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஊசி போட்டு முகத்தைப் பளபளப்பாக்குவது நம் வேலை அல்ல. பெயர் தெரியாத வெள்ளைக் கிரீமும் நம் அலமாரியில் இருக்கக் கூடாது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், முகத்தை வெளுப்பாக்கும் கிரீம்களைப் பயன்படுத்தியவர்களின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். காரணமாக அவர்கள் காட்டியது அந்தக் கிரீம்களில் இருந்த பாதரசம்.

இவ்வளவு சொன்ன பிறகு, “அப்படியானால் அரசு உடனே சட்டம் போடட்டும், படிக்காதவர் கடையை மூடட்டும்” என்று யாராவது சொல்லக்கூடும். அந்த இடத்தில்தான் நான் உங்களை நிதானிக்கச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் அனுபவத்தைப் பாருங்கள். அயோவா மாநிலத்தில் நீண்ட காலம் 2100 மணி நேரப் படிப்பு கேட்டார்கள். அதே நாட்டில் ஆம்புலன்சில் உயிர் காக்கும் ஊழியரின் அடிப்படைப் பயிற்சி சுமார் 150 மணி நேரம்தான். டெக்சாஸில் ஐசிஸ் பிராண்ட்லி என்ற கறுப்பினப் பெண், சடை பின்னிவிட்டதற்காக 1997-இல் கைது செய்யப்பட்டார். ரசாயனம் இல்லை, கத்தரி இல்லை. தாயிடமிருந்து மகள் கற்கும் பின்னல். அவர் நீதிமன்றம் போனார். 2015-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது, அதே ஆண்டு அந்த மாநிலம் சடை பின்னலுக்கு உரிமமே தேவையில்லை என்று சட்டத்தை மாற்றியது. கலிபோர்னியாவும் 2022-இல் 1600 மணி நேரத்தை 1000 ஆகக் குறைத்தது. மணி நேரம் கூடக் கூடக் கட்டணம் கூடும். ஏழைப் பெண் வாசலிலேயே நின்றுவிடுவாள். பாதுகாப்புக்கு உதவாத மணி நேரம், பயிற்சிப் பள்ளி நடத்துகிறவருக்குத்தான் லாபம்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மண்ணிலேயே பாடம் இருக்கிறது. நம் கிராமங்களில் முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்து ஆண்கள் கட்டி கீறினார்கள், புண்ணுக்கு மருந்து போட்டார்கள். பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். 1926-இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்தது. பயிற்சி பெற்றவருக்குப் பதிவேடு உருவானது. தாய்மாரின் உயிர் காக்க அது தேவையான சட்டம்தான். ஆனால், தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் பார்த்த அந்தப் பாட்டிமார்கள் பெரும்பாலும் பதிவேட்டுக்கு வெளியே நின்றார்கள். கைத்திறன் அவர்களிடம் இருந்தது. மரியாதையும் சம்பளமும் வேறு பக்கம் போயின.

இன்னொரு வழியும் நம் ஊரிலேயே உண்டு. 1957-இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பக்கலைக்குப் பயிற்சிக்கூடம் திறந்தது. இன்று அது அரசினர் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி. அதுவரை உளியைத் தகப்பனிடம் மகன் கற்றான். அரசு உள்ளே வந்தபோது அந்தத் தகப்பனைத் தள்ளிவைக்கவில்லை; அவரையே ஆசிரியராக உட்கார வைத்தது. மரபுவழிச் சிற்பியான வைத்தியநாத ஸ்தபதி முதல்வரானார். பிறகு அவர் மகன் கணபதி ஸ்தபதி அந்தப் பொறுப்பை ஏற்றார். கன்னியாகுமரியின் 133 அடி வள்ளுவர் சிலை அவர் உருவாக்கியது. பரம்பரைத் தொழில் பட்டப்படிப்பானது, எந்தச் சாதிப் பிள்ளையும் வந்து கற்க வாசல் திறந்தது, தெரிந்தவர் கையும் வீணாகவில்லை. உளிக்குச் செய்ததைக் கத்தரிக்கும் சீப்புக்கும் செய்ய அரசால் முடியாதா?

இப்போது அரசு இந்தத் தொழிலைப் பெரும்பாலும் காவல் துறையின் கண்ணால் பார்க்கிறது. ஸ்பா, மசாஜ் நிலையம் என்றாலே சோதனை, சீல், வழக்கு. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்தச் சொன்னது. அடுத்த மாதமே மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதற்கு மாறான கருத்தைச் சொன்னார். அங்கே வருகிறவரின் அந்தரங்க உரிமையைக் கேமரா பறிக்கும் என்றார். தவறு நடந்தால் போலீஸ் வரட்டும். ஆனால், நேர்மையாக எண்ணெய் தேய்த்துப் பிழைக்கும் பெண்ணுக்கு அரசின் முகமாகத் தெரிவது காக்கிச் சட்டை மட்டும்தானா? அவள் கையில் அரசு கொடுத்த ஓர் அட்டை இருந்தால், வாடிக்கையாளர் முன்னாலும் அதிகாரி முன்னாலும் அவள் நிமிர்ந்து நிற்பாள்.

அதற்கு என்ன வழி? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். நம் தட்டச்சுத் தேர்வைப் பாருங்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துவது தனியார். மாடிப்படிக்குக் கீழே நான்கு மெஷின் போட்டும் நடத்தினார்கள். லோயர், ஹையர் தேர்வை நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். எங்கே கற்றாய் என்று யாரும் கேட்பதில்லை. நிமிடத்துக்கு எத்தனை சொல், எத்தனை பிழை, அவ்வளவுதான் கணக்கு. அந்தச் சான்றிதழை வைத்து எத்தனை ஏழை வீட்டுப் பெண்கள் அரசு வேலைக்குப் போனார்கள் என்று இந்த அரங்கில் உள்ள பெரியவர்களுக்குத் தெரியும். அதே ஏற்பாடு அழகுக்கலைக்கும் வரட்டும்.

என் யோசனை இதுதான். பாதுகாப்புத் தேர்வு ஒன்று: தமிழில், பெரும்பகுதி செய்முறையாக, எழுத வராதவர் வாயால் பதில் சொல்லும்படி. கருவிச் சுத்தம், சாய முன்சோதனை, சர்க்கரை நோயாளியின் பாதம், தோல் நோய் கண்டால் மருத்துவரிடம் அனுப்புவது, தீக்காய முதலுதவி என ஐந்தாறு பாடம் போதும். விரும்பியவருக்கு நாற்பது மணி நேர இலவச வகுப்பு. சலூன்களுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் ஐந்து செவ்வாயில் முடிந்துவிடும். இருபது வருட அனுபவம் உள்ளவர் வகுப்புக்கே வராமல் நேராகத் தேர்வு எழுதட்டும். அவர்களில் சிறந்தவர்களை ஆசிரியராகவும் தேர்வாளராகவும் அமர்த்த வேண்டும்; 1957-இல் மாமல்லபுரத்தில் செய்தது போல. மையங்கள் தாம்பரம், பல்லாவரத்தோடு நின்றுவிடக் கூடாது. செய்யூருக்கும் மதுராந்தகத்துக்கும் வர வேண்டும். எல்லோரும் தேர்வு எழுத மூன்று வருட அவகாசம் கொடுத்த பிறகுதான் கட்டாயம் ஆக்க வேண்டும். முழுத் தொழிலும் கற்க விரும்புகிற இளம் பெண்ணுக்கு 1200 மணி நேர ஐ.டி.ஐ. படிப்பு மேற்படியாக இருக்கட்டும். வெறும் சடை பின்னி, பூ வைத்துவிடுகிற அக்காவை எந்தத் தேர்வும் தொடக் கூடாது.

2025 செப்டம்பரில் அழகு நிலையச் சேவைக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நாம் இருக்கிறோம் என்று வரித் துறைக்குத் தெரியும். கல்வித் துறைக்கும் தெரிய வேண்டும்.

தங்கைகளே, சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பயிற்சி நிலையத்தில் பணம் கட்டும் முன், “சர்வதேசச் சான்றிதழ்” என்ற பெரிய எழுத்தைப் பார்த்து மயங்காமல், தேசியத் தொழிற்கல்வி, பயிற்சிக் குழுமத்தின் அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். தமிழ்நாடு முடிதிருத்துவோர் நல வாரியம் இருக்கிறது. தகுதி உள்ளவர்கள் பதிவு செய்துகொள்ளுங்கள். வாடிக்கையாளராக வருகிற தாய்மார்களும் நாற்காலியில் உட்காரும் முன் புது பிளேடா, புது நூலா என்று கேளுங்கள். அதில் வெட்கமில்லை, கேட்கப் பழகினால்தான் செய்கிறவரும் பழகுவார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்குப் போங்கள். “எங்கள் வட்டத்தில் அழகுக்கலை, முடிதிருத்தும் தொழிலாளருக்கு இலவசப் பாதுகாப்புப் பயிற்சியும், தமிழில் அரசுத் தேர்வும் வேண்டும்” என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். நகரத்தில் இருப்பவர்கள் உங்கள் வார்டு உறுப்பினரிடம் மனு கொடுங்கள். செங்கல்பட்டு 2019-இல் பிறந்த மாவட்டம். தமிழ்நாட்டில் இதை முதலில் செய்து காட்டிய மாவட்டம் என்ற பெயரை அது எடுக்கட்டும்.